பழைய கணினியில் சண்டை போடும் சிடி டிரைவுகள்: கேள்வி பதில்

டெஸ்க்டாப் கணினிகளைப் பிரித்து மாட்டுவதே என் பிழைப்பு. சிடி, டிவிடி டிரைவ் தகராறு பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பென்டியம் 4 கணினி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே ஒரு சிடி டிரைவ் இருந்தது. செகண்ட் ஹேண்டில் டிவிடி ரைட்டர் வாங்கி, அதே கேபிளில் காலியாக இருந்த முனையில் மாட்டினேன். இப்போது இரண்டுமே காணோம். வாங்கியது கெட்டதா?

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி. டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் அந்தப் பட்டையான கேபிள்தான் ஐடிஇ கேபிள். அதில் இரண்டு டிரைவ் மாட்டினால் ஒன்று மாஸ்டர் (முதலாவது), மற்றது ஸ்லேவ் (இரண்டாவது). இரண்டுமே மாஸ்டராக இருந்தால், ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருப்பது போலத்தான். கட்டளை வந்ததும் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும், கணினிக்கு ஒன்றும் புரியாது.

கரன்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரைவின் பின்பக்கம் பாருங்கள். ஐடிஇ கேபிள் சொருகும் இடத்துக்கும் ஆடியோ ஒயர் சொருகும் இடத்துக்கும் நடுவில் மூன்று ஜோடி ஊசிகள், அதில் ஒன்றின் மேல் சின்ன பிளாஸ்டிக் தொப்பி. அதுதான் ஜம்பர். எம்ஏ என்றால் மாஸ்டர், எஸ்எல் என்றால் ஸ்லேவ், சிஎஸ் என்றால் கேபிள் செலக்ட், அதாவது கேபிளில் மாட்டிய இடமே யார் மாஸ்டர் என்று முடிவு செய்யும். ரைட்டரை எம்ஏவிலும் பழையதை எஸ்எல்லிலும் வையுங்கள். புருவம் எடுக்கும் டுவீசர் இருந்தால் வேலை சுலபம்.

மாட்டி முடித்ததும் நேராக விண்டோஸுக்குப் போகாமல் பயாஸைத் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) திறந்து பாருங்கள். அங்கே பெயர் தெரியவில்லையென்றால் கோளாறு ஜம்பரிலோ கேபிளிலோ பவரிலோ டிரைவிலோதான். அங்கே தெரிந்து விண்டோஸில் தெரியவில்லையென்றால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடலாம், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் ஒரே கேபிளில் போட்டால் ஹார்ட் டிஸ்க் வேகம் குறையும் என்கிறார்களே?

பதில்: மெதுவான டிரைவ் மற்றதையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் என்பது ரொம்பப் பழைய மதர்போர்டு சிப்செட்டுகளின் கதை. ஆனால் ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது உண்மை. அதனால் டிஸ்கிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யும்போது இழுக்கும். மதர்போர்டில் உள்ள இரண்டு ஐடிஇ இணைப்புகளில் ஹார்ட் டிஸ்க்கை பிரைமரியிலும் டிவிடியை செகண்டரியிலும் தனித்தனியாகப் போடுங்கள். 80 கம்பி கேபிள் என்றால் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. ஒரே டிரைவ்தான் என்றால் கடைசி முனையில் மாட்டுங்கள். நடுவில் மாட்டிவிட்டு மீதி வாலைத் தொங்கவிட்டால் சிக்னல் கெடும்.

கேள்வி: டிவிடி எழுதும்போது மவுஸ்கூட நகர மறுக்கிறது. முன்பு இப்படி இல்லை.

பதில்: கீறல் விழுந்த டிஸ்க்குகளைப் போட்டுப் போராடினீர்களா? எக்ஸ்பி ஒரு டிரைவில் ஆறு பிழைகளை எண்ணிவிட்டால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ முறைக்குத் தள்ளிவிடும். அதில் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் பிராசஸரே சுமக்க வேண்டும். அதன் உச்சமே விநாடிக்கு 16.6 எம்பி. 16எக்ஸ் வேக டிவிடிக்குச் சுமார் 22 எம்பி வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பி வரும்போது டிஎம்ஏவோடு (பிராசஸரைச் சுமக்கவிடாமல் தகவல் போகும் வேகமான முறை) வரும். வரவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: சிடி நன்றாகப் படிக்கிறது, டிவிடி போட்டால் மட்டும் 'டிஸ்க் இல்லை' என்கிறது. ஜம்பர் பிரச்சினையா?

பதில்: இல்லை. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர். ஒன்று தேய்ந்தாலும் மற்றது ஓடும். லென்ஸை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால் டிரைவை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: பென் டிரைவ் சொருகியபடி விண்டோஸ் போட்டபோது சிடி டிரைவின் எழுத்து (டி, இ போன்றது) மாறிவிட்டது. பழைய என்சைக்ளோபீடியா 'சிடியைப் போடு' என்றே கேட்கிறது.

பதில்: நிறுவியபோது இருந்த எழுத்தையே அது தேடுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பழைய எழுத்தைத் திரும்பக் கொடுங்கள்.

முதலில் கேட்ட தம்பி மறுபடியும்: ஜம்பர் மாற்றினேன் அண்ணா. பயாஸில் இரண்டும் வந்துவிட்டன! ஆனால் விண்டோஸில் இரண்டிலும் மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 39. நடுவில் ஒரு பழைய சிடி எழுதும் மென்பொருளை நீக்கினேன்.

பதில்: அதுதான் ஆள். எழுதும் மென்பொருட்கள் டிரைவுக்கு முன்னால் ஒரு வடிகட்டியை (ஃபில்டர்) நிறுத்திவைக்கும். மென்பொருளை நீக்கும்போது அதன் கோப்பு போய்விடுகிறது, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பெயர் மட்டும் தங்கிவிடுகிறது. இல்லாத ஆளைத் தேடி விண்டோஸ் நின்றுவிடும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று போங்கள். அங்கே 4டி36இ965 என்று தொடங்கும் சாவியை (கோப்புறை போல இருக்கும்) திறந்தால் வலப்பக்கம் சிடி-ராம் என்று இருக்கும். முதலில் அந்தச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பிறகு அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு எழுதும் மென்பொருள் இருந்தால் அதை மறுபடி நிறுவ வேண்டிவரலாம்.

ஒரு எச்சரிக்கை: 4டி36இ96பி என்று தொடங்கும் சாவி கீபோர்டுடையது. அதிலும் அப்பர் ஃபில்டர்ஸ் என்று ஒன்று இருக்கும். அதை அழித்தால் அடுத்தமுறை பாஸ்வேர்டு அடிக்கக்கூட முடியாது. ஒருமுறை அவசரத்தில் நான் செய்துவிட்டு அரை நாள் முழித்தேன்.

மறுபடியும் அவரே: வந்துவிட்டன அண்ணா, இரண்டும்! பழைய சிடி டிரைவின் ட்ரே மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

பதில்: கணினியை அணைத்துவிட்டு, முகப்பில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைக் குத்துங்கள், வெளியே வரும். உள்ளே ட்ரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். வெந்நீரில் சில நிமிடம் போட்டுத் துடைத்து மாட்டினால் கொஞ்ச காலம் ஓடும்.