ஊருணிக்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் உங்கள் ஊர் ஊருணி பச்சையாகிவிட்டது, விடிந்தால் மீன் செத்து மிதக்கிறது, பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள், மிச்ச மீனும் போய்விடும். சாக்கடையோடும் சோப்புத் தண்ணீரோடும் வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும்தான் பாசிக்குத் தீனி. அந்தப் பாசி பகலில் ஆக்சிஜன் விட்டாலும் இரவெல்லாம் தண்ணீரில் இருப்பதை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் விடியும் நேரத்தில் மீன் சாகிறது.

நம் செட்டிநாட்டில் வீட்டு ஓட்டிலும் முற்றத்திலும் விழுந்த மழை கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும்படி கட்டி வைத்தார்கள். அதே கால்வாயில் இன்று குளியலறைத் தண்ணீர் போவதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. மழை இல்லாத ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வரத்துக்கால்வாய் ஓரமாக நடந்து பாருங்கள். எந்த வீட்டுப் பக்கமிருந்து நுரையோடு தண்ணீர் வருகிறதோ, அங்கே முதலில் உறிஞ்சுகுழி போடச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே விழும் இடத்தில் சின்னதாக ஒரு வண்டல் குழி, அதையடுத்து கோரையும் வெட்டிவேரும்.

அப்புறம், ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போடாதீர்கள், அழுகி மறுபடி உள்ளேதான் இறங்கும். டிராக்டரில் ஏற்றித் தோப்புக்கு அனுப்புங்கள். நிரம்பி வழிவது கீழே உள்ள கண்மாய்க்குத்தான் போகும் என்றால், அந்த ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.