வாஷிங் மெஷின் பலகையைக் கைபேசி படித்துச் சொல்லுமா?

வணக்கம். பார்வையிழந்த உங்கள் அப்பா, புதிதாக வாங்கிய வாஷிங் மெஷினின் வழவழப்பான தொடுபலகையை ஆண்ட்ராய்டு கைபேசியின் உதவியால் தனியாக இயக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் முடியும்.

கூகுளின் லுக்அவுட், மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ ஆகிய இரண்டு செயலிகளும் இலவசம். கைபேசியின் கேமராவைக் காட்டினால், பலகையிலுள்ள ஆங்கில எழுத்துகளைப் படித்துச் சொல்லிவிடும். ஆனால் அவருடைய விரல் எந்தப் பொத்தானின் மேல் இருக்கிறது என்பதை அந்த வாசிப்பு சொல்லாது. ஐபோனில் 2023இல் வந்த 'பாயிண்ட் அண்ட் ஸ்பீக்' என்ற வசதி அதைச் செய்யும். ஆனால் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரியுள்ள விலை கூடிய புரோ மாடல்களில் மட்டும். அதற்காகப் புதுக் கைபேசி வாங்காதீர்கள்.

பவர், ஸ்டார்ட், புரோகிராம் ஆகிய மூன்றின் அருகில் மட்டும், புடைப்பாக நிற்கும் சிறு ஒட்டிகளை ஒட்டுங்கள். பொத்தானின் மேலேயே ஒட்டினால் தொடுவுணர்வு கெடலாம். எல்லாவற்றுக்கும் ஒட்டினால் விரல் குழம்பிவிடும். பல மெஷின்கள் இயக்கியதும் எப்போதும் ஒரே புரோகிராமில்தான் தொடங்கும். உங்களுடையதும் அப்படியென்றால், வேண்டிய புரோகிராமுக்குப் போக எத்தனை முறை தொட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

மீதி நிமிடங்களைக் காட்டும் ஒளிரும் எண்களில்தான் செயலிகள் அதிகம் தடுமாறும். கோடுகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் 8ஐயும் 0வையும் குழப்பிவிடும். கைபேசியைச் சற்றுச் சாய்த்து, கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் சரிவராவிட்டால், பி மை ஐஸ் செயலியில் தன்னார்வலர் ஒருவர் காணொளி அழைப்பில் பார்த்துச் சொல்வார். தமிழையே மொழியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

முதல் சில நாள் நீங்கள் அருகில் இருங்கள். பொத்தானை அவரே அழுத்தட்டும்.