கிரிப்டோ கார்டு வாங்கும் முன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். ஊதியம் பெரும்பாலும் யூஎஸ்டிடியில் (டாலர் விலையை ஒட்டி நிற்கும் கிரிப்டோ காசு) வருகிறது. பழைய பிட்காயினும் கொஞ்சம் இருக்கிறது. இதுவரை பி2பி முறையில், அதாவது நேரடியாக இன்னொரு தனிநபருக்கு விற்றுப் பணமாக்கினேன். அப்படி விற்ற நண்பர் ஒருவருக்கு முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய பணத்தால் வங்கிக் கணக்கே முடங்கிவிட்டது. அதிலிருந்து எனக்குப் பயம். ப்ரீபெய்டு கார்டு வாங்கி அதிலேயே செலவு செய்யவும், ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கவும் நினைக்கிறேன். மூன்று கார்டுகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஒரு எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) தருவது. எல்லா அடையாளச் சான்றும் கேட்கிறார்கள். இரண்டாவது டெலிகிராமில் விற்பது, கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கிடையாது. மூன்றாவதில் பிட்காயினை அடமானம் வைத்துக் கடனாகச் செலவு செய்யலாம், விற்க வேண்டியதில்லை. எதை வாங்கலாம்? பணம் வங்கிக்கே போகாததால் வரி வராதுதானே? தற்போதைக்கு உறவினர் ஒருவரின் கார்டில் என் யூஎஸ்டிடியை ஏற்றிச் செலவு செய்து வருகிறேன். இதில் சிக்கல் உண்டா?

பதில்: எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பல நாடுகளுக்கும் பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். உங்கள் நாட்டில் இது அனுமதிக்கப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சீனா 2021 செப்டம்பரிலேயே கிரிப்டோ தொடர்பான வணிகம் முழுவதையும் சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. கிரிப்டோவைத் தடை செய்யாத நாடுகளிலும் அந்நியச் செலாவணி விதிகள் இருக்கலாம். வெளிநாட்டில் வழங்கப்பட்ட கார்டில் பணம் வைத்திருப்பதை வெளிநாட்டுச் சொத்தாகக் கருதி, கணக்கில் காட்டச் சொல்லும் நாடுகளும் இருக்கின்றன.

அனுமதி உண்டு என்றால் என் பதில் சுருக்கமானது. முதல் கார்டை வாங்குங்கள், அன்றாடச் செலவுக்கு மட்டும். டெலிகிராம் கார்டைத் தொடாதீர்கள். அடமானக் கார்டு உங்கள் நிலைமைக்குத் தேவையில்லை. பெரிய தொகையைப் பணமாக்க எந்தக் கார்டும் சரியான வழி இல்லை.

வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் கணிப்பு பெரிதும் தவறுகிறது. செய்த வேலைக்கு யூஎஸ்டிடி உங்கள் வாலட்டுக்கு (கிரிப்டோ வைக்கும் மின்பணப்பை) வந்த அன்றே, அன்றைய மதிப்பில் அது வருமானம். அது வங்கிக்குப் போனதா, கார்டுக்குப் போனதா, வாலட்டிலேயே கிடக்கிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. அதற்கு மேல், பல நாடுகளில் கார்டைத் தேய்ப்பதே ஒரு விற்பனை. அமெரிக்க வரித்துறை 2014-லேயே கிரிப்டோவைச் சொத்தாகப் பார்ப்போம் என்று அறிவித்தது. எனவே அதைக் கொடுத்து ஒரு கோப்பை காபி வாங்கினாலும் சொத்தை விற்றதாகத்தான் பொருள். வாங்கிய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். பிரிட்டனின் நிலைப்பாடும் இதுதான். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, நஷ்டத்தை வேறு லாபத்தோடு ஈடுகட்டவும் முடியாது. ஜெர்மனி வேறு மாதிரி: தனிநபர் ஒருவர் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததைச் செலவிட்டால் அந்த லாபத்துக்கு வரி இல்லை. ஆக, ஒரே கார்டு, ஒரே செலவு, நாட்டுக்கு நாடு விளைவு தலைகீழாக மாறுகிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. கார்டில் யூஎஸ்டிடியை மட்டும் ஏற்றுங்கள். அதன் விலை டாலரை ஒட்டியே நிற்பதால் ஒவ்வொரு செலவிலும் வரும் லாப நஷ்டம் மிகச் சொற்பம், கணக்கு எழுதுவதும் எளிது. பழைய பிட்காயினைக் கார்டில் ஏற்றிச் சில்லறைச் செலவு செய்தால், ஆண்டு முடிவில் நூற்றுக்கணக்கான குட்டி விற்பனைகளுக்கு லாபம் கணக்கிட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறவர் வாங்கும் கட்டணம் வரியைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மைகா என்ற கிரிப்டோ சட்டத்தில், ஸ்டேபிள்காயின் (யூஎஸ்டிடி போல விலை நிலையாக நிற்கும் காசு) பற்றிய விதிகள் 2024 ஜூன் 30 அன்று அமலுக்கு வந்தன. அதன் பிறகு பெரிய எக்ஸ்சேஞ்சுகள் சில அங்குள்ள வாடிக்கையாளர்களுக்கு யூஎஸ்டிடி வணிகத்தை நிறுத்திவிட்டன. நீங்கள் வாங்கப்போகும் கார்டு உங்கள் நாட்டில் எந்தக் கிரிப்டோ காசை ஏற்கிறது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

"யாருக்குத் தெரியப்போகிறது" என்று மனதில் ஓடினால், அதற்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் பரிமாறிக்கொள்வதைப் போலவே கிரிப்டோ விவரங்களையும் பரிமாறிக்கொள்ள ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. முதல் பரிமாற்றங்களுக்குப் பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஆண்டு 2027.

இனி கார்டைத் தேர்ந்தெடுப்பது. விளம்பரத்தில் கேஷ்பேக், கட்டணம், அழகான உலோகக் கார்டு எல்லாம் வரும். நான் முதலில் பார்ப்பது கார்டின் பின்பக்கம். "இந்தக் கார்டை வழங்குவது இன்ன நிறுவனம், விசாவின் உரிமத்தின் கீழ்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். செயலியின் பெயர் ஒன்று, வழங்குபவர் பெயர் வேறொன்றாக இருப்பது சகஜம். கார்டில் ஏறிய பணத்துக்குச் சட்டப்படி உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வழங்குபவர்தான்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு இரண்டு சம்பவங்கள் உண்டு. 2018 ஜனவரியில் ஜிப்ரால்டரைச் சேர்ந்த வேவ்கிரெஸ்ட் என்ற வழங்குநரின் உறுப்பினர் தகுதியை விசா ரத்து செய்தது. பல கிரிப்டோ நிறுவனங்கள் தனித்தனிப் பெயர்களில் விற்ற கார்டுகளுக்குப் பின்னால் இருந்தது அந்த ஒரே நிறுவனம். எல்லாம் சேர்ந்து செயலிழந்தன. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு என்ற பணப்பரிமாற்றச் சேவை நிறுவனம், கணக்கில் இருப்பதாகக் காட்டிய 190 கோடி யூரோவைக் காணோம் என்ற நிலையில் திவாலானது. அதன் பிரிட்டிஷ் கிளை வழங்கிய கார்டுகளை அங்குள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையம் சில நாள்களுக்கு முடக்கி வைத்தது. கிரிப்டோ கார்டுகளும் அதில் மாட்டின. வாடிக்கையாளர் பணத்தைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்ற விதி அங்கே இருந்ததால், முடக்கம் நீங்கியதும் மக்களுக்குப் பணம் கைக்கு வந்தது. அதனால் வழங்குபவரின் பெயரை அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கார்டை அதோடு விட்டுவிடுங்கள். அப்புறம், ப்ரீபெய்டு கார்டில் உள்ள பணத்தை வங்கி வைப்புத்தொகை என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இத்தகைய மின்பணத்துக்கு வைப்புக் காப்பீடு பொருந்தாது. எனவே ஒரு மாதச் செலவுக்கு மேல் ஏற்றி வைக்காதீர்கள்.

பணமாக மாறும் முன், கிரிப்டோவாக இருக்கும்போது அது யாருடையது? ஒப்பந்தத்தில் இதைத் தேடுங்கள். "உங்களுக்காக நாங்கள் பாதுகாத்து வைக்கிறோம்" என்று எழுதியிருந்தால் ஒரு கதை, "உரிமை எங்களுக்கு மாறுகிறது" என்று எழுதியிருந்தால் முற்றிலும் வேறு கதை. நகையைப் பெட்டகத்தில் வைப்பதற்கும் அதையே ஒருவருக்குக் கடனாகக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அது. வாடிக்கையாளர்களின் கிரிப்டோவை வாங்கி வைத்து வட்டி கொடுத்த செல்சியஸ் நிறுவனம் 2022 ஜூலையில் திவால் மனு போட்டபோது, அதன் வட்டிக் கணக்குகளில் சுமார் 420 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ இருந்தது. கணக்குகள் ஏறக்குறைய 6 லட்சம். அந்தக் கிரிப்டோ வாடிக்கையாளர்களுடையது அல்ல, நிறுவனத்தின் சொத்தே என்று நியூயார்க் திவால் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எல்லாரும் படிக்காமல் "ஏற்கிறேன்" என்று அழுத்திய ஒப்பந்தத்தின் வாசகம்தான் அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை.

உங்கள் மூன்றாவது கார்டை நான் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே. கடன் வாங்குவது விற்பனை ஆகாது என்பது பொதுவாகச் சரி. ஆனால் அடமானம் வைக்கும்போதே உரிமை கைமாறினால், அதையே விற்பனையாகப் பார்க்கும் வரித்துறையும் உண்டு. விலை சரிந்தால் கடன் கொடுத்தவர் உங்களைக் கேட்காமலே பிட்காயினை விற்றுக்கொள்வார். சந்தை மோசமான அந்த நாளில், வரி ஏற்படுத்தும் விற்பனை உங்கள் பெயரில் நடந்திருக்கும். மாதாமாதம் யூஎஸ்டிடியில் வருமானம் வரும் ஒருவருக்கு இந்த வேலை எதற்கு?

டெலிகிராம் கார்டு. கேஒய்சி இல்லாத கார்டு பல நேரம் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக எடுத்த கார்ப்பரேட் கார்டாக இருக்கும். சட்டத்தின் பார்வையில் நீங்கள் அதன் வாடிக்கையாளரே இல்லை. வழங்குபவர் கண்டுபிடித்து நிறுத்தினால், மீதிப் பணம் அந்த நிறுவனத்துக்குப் போகும்; நீங்கள் கேட்க ஒரு ஒப்பந்தமும் இருக்காது. அடையாளம் கேட்காத கார்டுகளைச் சட்டம் அறவே ஒழித்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2020 ஜனவரி முதல் அவற்றுக்கான உச்சவரம்பு 150 யூரோ, இணையச் செலவுக்கு 50 யூரோ. அதைவிடப் பெரிய வரம்போடு ஒருவர் உங்களுக்கு அங்கே விற்கிறார் என்றால் யாரோ விதியை மீறுகிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: முன்பின் தெரியாதவர்களின் பணத்துக்குப் பயந்துதான் பி2பியை விட்டு ஓடி வந்தீர்கள். இந்தக் கார்டில் உங்கள் பணம் சேர்வது அதே மாதிரி ஆள்களின் பணத்தோடுதான்.

ரொக்கம் எடுப்பது பற்றி. ஏடிஎம்முக்கு நாள் வரம்பும் கட்டணமும் இருக்கும், அது பரவாயில்லை. வரம்புக்குச் சற்றுக் கீழே, துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் ஆபத்து. பணமோசடித் தடுப்பு மென்பொருள்கள் முதலில் பிடிப்பது அந்த வடிவத்தைத்தான். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனையை வங்கி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதைத் தவிர்ப்பதற்கென்றே தொகையைப் பிரித்தால், பணம் நேர்மையானதாக இருந்தாலும் பிரித்ததே குற்றம். பெரிய தொகை வேண்டுமென்றால் பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சில் நேரடியாக அந்த நிறுவனத்துக்கே விற்று, உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வங்கி கேள்வி கேட்டால் காட்ட வேலை ஒப்பந்தம், இன்வாய்ஸ், வாலட்டுக்கு வந்த பரிவர்த்தனையின் எண், விற்ற ரசீது நான்கும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

கட்டணப் பட்டியலில் மாதக் கட்டணத்தைவிட மாற்று விகிதத்தைப் பாருங்கள். "கட்டணமே இல்லை" என்பவர்கள் சந்தை விலைக்கும் தங்கள் விலைக்கும் நடுவில் எடுத்துக்கொள்வார்கள். வாங்கிய பொருளைத் திருப்பினால் பணம் எதில் திரும்பும் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் பணமாகத்தான் வரும், கொடுத்த கிரிப்டோவாக வராது. பொருளில் தகராறு வந்தால் கிரெடிட் கார்டுக்குள்ள அளவு பாதுகாப்பும் இதற்கு இருக்காது. பிரிட்டனின் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு கடன் கொடுத்தவரையும் விற்றவரோடு பொறுப்பாக்குகிறது. ப்ரீபெய்டு கார்டுக்கு அந்தப் பிரிவு உதவாது. விலை உயர்ந்த பொருள்களை இந்தக் கார்டில் வாங்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக உறவினர் கார்டு. சிக்கல் உண்டு, அது உங்களைவிட அவருக்கு அதிகம். கார்டை வேறொருவருக்குக் கொடுப்பதை ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களும் தடை செய்கின்றன. பதிவேட்டில் உங்கள் வருமானம் அவருடைய வருமானமாகத் தெரியும்; வரித்துறை விளக்கம் கேட்கப்போவதும் அவரைத்தான். அடுத்தவர் பணத்தைத் தன் கணக்கு வழியே நகர்த்தினார் என்று விசாரணை வந்தால், "மாமா பையன் கேட்டார், கொடுத்தேன்" என்பது போதிய பதிலாக இருக்காது. இன்றோடு நிறுத்துங்கள். இதுவரை எந்தத் தேதியில் எவ்வளவு ஏற்றினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட்டு, பரிவர்த்தனை எண்களோடு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை இந்த ஆண்டு உங்கள் வரிக் கணக்கில் உங்கள் வருமானமாகவே காட்டுங்கள். முந்தைய ஆண்டுகளில் காட்டாமல் விட்ட யூஎஸ்டிடி வருமானம் இருந்தால், நோட்டீஸ் வரும் முன் நீங்களாகவே திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய முடியுமா என்று உங்கள் ஊர்க் கணக்காளரிடம் இந்த வாரமே கேளுங்கள். தானாக முன்வந்து சொல்பவருக்கு அபராதத்தைக் குறைக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. நோட்டீஸ் வந்த பிறகு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் குறைவாகவே இருக்கும்.