வாங்கும் முன் கேளுங்கள்: சைக்கிள் படம் போட்ட சாப்பாடு

சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களின் கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. சுருக்கி, மொத்தமாக இந்த வாரம் போட்டுவிடுகிறேன். பலரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் இருக்கும். ஏன் கேட்டார்கள் என்பது சில கடிதங்களைப் படித்தாலே புரியும்.

அண்ணாச்சி, நாங்கள் ஐந்து பேர் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறோம். வழியில் சாப்பிட எனர்ஜி ஜெல் (பாக்கெட்டிலிருந்து பிழிந்து விழுங்கும் இனிப்புக் கூழ்) ஆன்லைனில் பார்த்தோம், ஒன்று 150 ரூபாய். ஆளுக்கு ஆறு வாங்கலாமா?
— பாளையங்கோட்டை

ஆளுக்கு 900 ரூபாய் ஆகிறது. பணம் கட்டும் முன் பாக்கெட்டின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, கார்போஹைட்ரேட் (மாவுச்சத்து) எத்தனை கிராம் என்று பாருங்கள். பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். நடுத்தரமான பச்சை வாழைப்பழம் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிதிப்பவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும் என்பதுதான் விளையாட்டு ஊட்டச்சத்துக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மணிக்கு இரண்டு பழம் தின்றால் முடிந்தது. பழம் அலுத்தால் பேரீச்சை, அதுவும் அலுத்தால் காரம் குறைத்துப் பொடி தடவிய இட்லி. நல்லெண்ணெய் கையில் ஒட்டும், அவ்வளவுதான்.

ஜெல் என்பது மெல்ல நேரமில்லாத பந்தயக்காரர்களுக்காக வந்த சரக்கு. நீங்களோ நாங்குநேரியில் ஒரு டீ, வள்ளியூரில் ஒரு டீ என்று இறங்கப் போகிறவர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொண்டு போகலாம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், சட்டைப் பையில் உருகாது. ஆனால் கடலையில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் சீரணிக்க நேரம் எடுக்கும். கண் இருட்டிய பிறகு கடித்தால் உடனே கைகொடுக்காது, முதல் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். ஜெல் ஆசை விடவில்லையென்றால் ஒன்றே ஒன்று வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்டான் வரை போய்ச் சோதித்துப் பாருங்கள். வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பயணத்தன்று பார்க்கக் கூடாது.

ஜூலையில் கன்னியாகுமரி போகிறேன். எதிர்க்காற்றைச் சமாளிக்கும் வீல் என்று ஒரு ஜோடி 38,000 ரூபாய் சொல்கிறார்கள். பலன் இருக்குமா?
— வள்ளியூர்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அதோடு உங்கள் வீல் மல்லுக்கட்ட வேண்டாம். காலை நாலரைக்கே கிளம்பிவிடுங்கள், செலவு இல்லை.

பாபநாசம் போய்த் திரும்பும்போது தலை சுற்றியது. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். (உடம்பில் நீர் வற்றினால் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கேட்டேன். ஆரஞ்சுப் படம் போட்ட அட்டைப்பெட்டிப் பானம் தந்தார்கள். இரண்டு குடித்தும் தாகம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. 2025 கோடையில் நடந்தது. படிக்காமல் வாங்கியது என் தப்பா?
— அம்பாசமுத்திரம்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தலை சுற்றுகிறவனைப் பொடி எழுத்துப் படிக்கச் சொல்வதுதான் தப்பு. இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல் உண்டு. பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். என்றால் அதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். மொத்தமே 20.5 கிராம். குளுக்கோஸும் சோடியமும் ஜோடி சேர்ந்து சிறுகுடல் வழியாக உடம்புக்குள் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பொடியின் சூட்சுமம் இதுதான். சர்க்கரை அளவுக்கு மீறினால் வேலை தலைகீழாகும். உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் வரும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் குடித்தது பழரசம் மாதிரி ஒரு சர்க்கரைத் தண்ணீர். பெட்டி மேல் அந்த மூன்றெழுத்து இருந்தது, உள்ளே அதன் அளவு இல்லை.

அதை எப்படிப் போட்டார்கள்? 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதி கொடுத்தது. வணிகப் பெயரோடு ஒட்டி ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளலாம், ‘இது அது அல்ல’ என்று கூடவே ஒரு வரி அச்சடித்தால் போதும் என்று சொல்லிவிட்டது. பெரிய எழுத்தில் ஒரு பொய், சின்ன எழுத்தில் அதற்கு மறுப்பு. இரண்டும் ஒரே பெட்டியில், அரசாங்க சம்மதத்தோடு! ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் ஆணையம் அனுமதியை ரத்து செய்தது. இனி அந்த அளவுக்கு உட்படாத பானம் எதுவும் பெயரில்கூட அந்த எழுத்துகளைப் போடக் கூடாது. கடையில் பழைய சரக்கு இன்னமும் கண்ணில் பட்டால் படம் எடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு அனுப்புங்கள்.

இனிமேல் மருந்துக்கடையில் ‘ஒரு லிட்டருக்குக் கலக்குகிற பொடி’ என்று கேளுங்கள். பெட்டிப் பானம் நீட்டினால் வாங்காதீர்கள். பாக்கெட்டில் மேலே சொன்ன அளவுகள் இருக்க வேண்டும். முழுப் பொடியையும் ஒரு லிட்டரில் கலக்கி, இரண்டு பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். பாதிப் பொடி இப்போது, பாதி அப்புறம் என்று பிரித்தால் உப்பு ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம் என்று போய்விடும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொடி கிடைக்காத ஊரில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட மோரும், வீட்டு நீச்சத்தண்ணியும் கூட வியர்வையில் போன உப்பைத் திருப்பித் தரும். வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்தப் பொடியைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடணுமா? போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் கடையில் திருப்பலாமா?
— மேலப்பாளையம்

போடக் கூடாது. திருப்பவும் கூடாது.

ஸ்பேர் டியூப் இரண்டு வாங்கினேன். வால்வு என் ரிம் ஓட்டையில் நுழையவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். கேஸ் போட முடியுமா?
— தென்காசி

எதற்கு? டியூபில் என்ன குறை? உங்கள் டயரின் ஓரத்திலேயே 700×32 என்பது மாதிரி அளவு எழுதியிருக்கிறது. வால்வு மெல்லிசா (பிரெஸ்டா), மோட்டார் சைக்கிளில் இருப்பது போலத் தடியா (ஷ்ரேடர்) என்பது குனிந்து பார்த்தாலே தெரியும். பழைய டியூபைக் கையில் கொண்டு போயிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. நல்லவேளை, வீட்டில் வைத்துப் பிரித்தீர்கள். ராத்திரி கடையநல்லூர் தாண்டிப் பஞ்சராகி அங்கே பிரித்திருந்தால்?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பொருளில் குறை இருந்தால் அந்த அச்சடித்த வரி செல்லாது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் விற்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அளவு பார்க்காமல் வாங்கியவருக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது. கடைக்காரரிடம் தன்மையாகப் பேசி மாற்றிக் கேளுங்கள். டியூப் நுழைய வேண்டுமென்று ரிம்மில் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். செய்யக்கூடிய ஆள் என்று கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

திருச்செந்தூரிலிருந்து திரும்பும்போது ரோட்டோரத்தில் ‘உடன்குடிக் கருப்பட்டி’ கிலோ 120 என்று வாங்கினேன். பயணத்தில் கடித்துக்கொள்ளத்தான். உடைத்தால் உள்ளே சீனி மாதிரி மினுங்குகிறது. போலியா?
— ஆழ்வார்திருநகரி

அநேகமாகச் சீனிப் பாகு கலந்தது. பனை ஏறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, விறகு வைத்துக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிற சரக்கை 120 ரூபாய்க்கு யாரும் தர முடியாது. ஆழ்வார்திருநகரிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். உடன்குடிக்காரர்கள் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதும் இந்த மாதிரிச் சரக்குக்கு அவர்கள் ஊர்ப் பெயர் ஒட்டாமல் இருக்கத்தான். மினுங்குகிறதா, மணம் எப்படி என்று பார்ப்பதெல்லாம் ஒரு யூகம்தான், முடிவு சொல்ல ஆய்வகம் வேண்டும். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்திலோ, தெரிந்த பனையேறி வீட்டிலோ கோடைச் சீசனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கால் மிதிப்பதற்கு அது போலியா அசலா என்பது தெரியப்போவதில்லை. இரண்டிலும் பெரும்பங்கு ஒரே சர்க்கரைதான். ஏமாந்தது காசு விஷயத்தில் மட்டும்.

நாலுவழிச் சாலை ஓரக் கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 வாங்கினார். கேட்டால் ‘கூலிங் சார்ஜ்’ என்கிறார். மே மாத வெயில், வேறு கடை இல்லை. சைக்கிளில் வந்தவன் என்ன செய்ய முடியும்?
— நாங்குநேரி

வேறு கடை இல்லை என்று தெரிந்துதான் அந்த விலை. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை, குளிர வைத்ததற்குத் தனிக் காசு கேட்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலுக்கு மட்டும் 2017-இல் உச்ச நீதிமன்றம் விலக்குச் சொல்லியிருக்கிறது. கல்லாவில் நீட்டி வாங்கும் கடைக்கு அது பொருந்தாது. பாட்டிலையும் கடைப் பலகையையும் படம் எடுங்கள், கூகுள் பேயில் கட்டியிருந்தால் அதுவே சாட்சி. நம் மாநிலத்தில் இந்தப் புகார் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணிலும் சொல்லலாம்.

அடுத்த முறை ஃபிரேமில் இரண்டு பாட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். முதுகில் தொங்கும் தண்ணீர்ப் பை மட்டும் வேண்டாம். நான் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கியதில் ஸ்ரீவைகுண்டம் போவதற்குள் பிளாஸ்டிக் நாற்றம் குமட்டியது. ‘நாலு தடவை கழுவினால் போயிரும் சார்’ என்றார் விற்றவர். போகவில்லை.

தம்பி, என் மகன் 200 கிலோமீட்டர் சைக்கிள் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறான். சோறு தின்ன மாட்டேன் என்கிறான். மூவாயிரம் ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கவா?
— பெருமாள்புரம்

வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வது அநேகமாக பி.ஆர்.எம். என்கிற நெடுந்தூரச் சைக்கிள் பயணமாக இருக்கும். அது பந்தயம் அல்ல, 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். அவ்வளவு நேரம் மிதிக்க உடம்பு முக்கியமாக எரிப்பது மாவுச்சத்தையும் கொழுப்பையும்தான். புரதம் பிறகு தசையைச் சரிசெய்ய உதவும், அதற்குப் பாலும் முட்டையும் சுண்டலும் போதும். முந்தின நாள் ராத்திரி நிறையச் சோறு, பருப்பு, தயிர் கொடுங்கள். பரோட்டா சால்னா வேண்டாம், விடிகாலையில் வயிறு கனக்கும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எழுப்பி இட்லி கொடுங்கள். சோறு தின்ன மாட்டேன் என்று மறுபடி சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அந்த மூவாயிரத்தில் நல்ல பின்விளக்கும் ஹெல்மெட்டும் வாங்கலாம்.

மணப்பாடு வரை சைக்கிள் பயணம். காலை உணவு, பழம், தண்ணீர், பின்னால் உதவி வண்டி, ஆளுக்கு 1,800 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. பணம் கட்டினோம். குரும்பூர் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, வண்டியும் இல்லை. என் தங்கை மயங்கி விழுந்தாள். கேட்டால் ‘ரூட் மேப் கொடுத்தோமே’ என்கிறார்கள்.
— ஸ்ரீவைகுண்டம்

தங்கை இப்போது நலமா? முதலில் அதை எழுதுங்கள்.

இதை விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்ன சேவையைத் தராதது சேவைக் குறைபாடு, வேறு பெயர் கிடையாது. விளம்பரப் படம், பணம் கட்டிய விவரம், பேசிக்கொண்ட செய்திகள், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் பிறகு கிடைக்காது. 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அமைப்பாளர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. கட்டிய பணம், மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

சீட் வலிக்கிறது. ஜெல் கவர் வாங்கலாமா?
— சேரன்மகாதேவி

வேண்டாம். என்னுடையது பரணில் கிடக்கிறது, ஆசையாக இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டின் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள்.

நம்ம ஊர் அல்வாவைச் சைக்கிள் பயணத்துக்குக் கொண்டு போனால் சக்தி கிடைக்குமா?
— டவுன்

கிடைக்கும். சீனியும் கோதுமைப் பாலும்தானே. நெய் இருப்பதால் மிதிக்கும்போது நெஞ்சைக் கரிக்கும், கை பிசுபிசுத்துப் பிரேக் வழுக்கும். போய்ச் சேர்ந்த பிறகு பிரியுங்கள். தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைப்பது 2020 அக்டோபரிலிருந்து கட்டாயம். எழுதாத கடையில் வாங்க வேண்டாம்.