பில் இல்லாத பருத்தி விதையா, சாதாரண ரகமா? களையை என்ன செய்வது?

கேள்வி: தலைவாசல் பக்கம் 2 ஏக்கர், கிணற்றுப் பாசனம். ஆவணியில் பருத்தி போடப் போகிறேன். களையெடுக்க ஆள் கிடைப்பதே இல்லை. களைக்கொல்லி அடித்தாலும் செடி சாகாது என்று ஒரு விதை பாக்கெட்டை பில் இல்லாமல் தருகிறார்கள். வாங்கலாமா? சாதாரண ரகம் போட்டால் களைக்கு என்ன வழி? கனடாவில் கடுகு போடுகிறவர்கள் விதையை எடுத்து வைக்கவே கூடாதாம், இங்கேயும் அப்படித்தானா?

பதில்: அந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். நம் நாட்டில் சாகுபடிக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பருத்தி, காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. பருத்தி மட்டும்தான் (2002, பிறகு இரட்டை மரபணு கொண்டது 2006). களைக்கொல்லி தாங்கும் பருத்திக்குப் போட்ட விண்ணப்பத்தை 2016-ல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே கையில் வருவது யார் எங்கே எடுத்த விதை என்பதே தெரியாது. ஒட்டு விதையிலிருந்து (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய விதை) எடுத்த இரண்டாம் தலைமுறையாக இருந்தால், நாலில் ஒரு செடியில் அந்த மரபணு இருக்காது; கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்ததும் அது களையோடு சேர்ந்து கருகும். முளைக்காவிட்டாலும் கருகினாலும் பில் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? களைக்கொல்லி தாங்கும் மரபணு விளைச்சலைக் கூட்டுவதும் இல்லை. களைக்கூலியை மட்டும்தான் குறைக்கிறது.

நீங்கள் கேட்ட கனடா கடுகு, கனோலா. அங்கே களைக்கொல்லி தாங்கும் ரகங்கள் 1990-களின் நடுவில் வந்தன. வாங்குகிறவர் விதையைச் சேமிக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காப்புரிமை பெற்ற மரபணு உள்ள கனோலாவை அனுமதியின்றிப் பயிரிட்ட வழக்கில் 2004-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காப்புரிமை வைத்திருந்த நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கே நிலைமை வேறு. பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001-இன் 39-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த ரகத்தின் விதையைக்கூட நீங்கள் சேமிக்கலாம், விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். பிராண்ட் பெயர் ஒட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒட்டு விதையை எடுத்து வைத்துப் பயனில்லை, அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. ரகத்தில்தான் அந்த உரிமைக்கு அர்த்தம்.

உங்கள் ஆள் பிரச்சினைக்கு கோ 17 என்ற பருத்தி ரகம் பொருந்தும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்டது. பக்கவாட்டில் படராமல் நிமிர்ந்து வளரும், 125 முதல் 135 நாளில் முடியும். வரிசைக்கு வரிசை 100 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. பஞ்சு நீக்கிய விதை ஏக்கருக்கு 6 கிலோ. அந்த 100 செ.மீ. இடைவெளியில் பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) தாராளமாக ஓடும். ஆள் வேண்டியது செடி வரிசைக்குள் மட்டும். 45 நாளுக்கு மேல் பவர் வீடரை இறக்காதீர்கள், வேர் அறுபடும்.

பருத்தியைக் களை கெடுப்பது முதல் 45–60 நாளில்தான். அந்த நாட்களைக் காப்பாற்றும் வேலை விதைப்புக்கு முன்பே தொடங்குகிறது. கடைசி உழவுக்கு முன் ஒரு தண்ணீர் கட்டுங்கள். 10–12 நாளில் முளைக்கும் களையை மேலாக ஓட்டி அழித்துவிட்டு விதையுங்கள். கோரை உள்ள காடாக இருந்தால் கோடையிலேயே ஆழ உழுது கிழங்கை வெயிலில் காயப் போட வேண்டும். கீழே சொல்லும் மருந்துகளை நம்பி கோரையை விட்டுவைக்காதீர்கள்.

விதைத்த 3 நாளுக்குள், களை முளைக்காமல் தடுக்கும் பென்டிமெத்தலின் 30 இ.சி., ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில். பத்து லிட்டர் டேங்குக்கு 65 மில்லி, மொத்தம் 20 டேங்க். தட்டை விசிறி நாசில் போட்டு, பின்னோக்கி நடந்தபடி அடியுங்கள். முன்னோக்கி நடந்தால் படிந்த மருந்துப் படலத்தை உங்கள் காலே கலைத்துவிடும். “மருந்து கேட்கவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் மண் காய்ந்திருப்பதும் கட்டி உடையாததும்தான். கட்டிக்கு அடியில் மருந்து போகாது, சாரணைக் களை அங்கிருந்துதான் தலை நீட்டும்.

20–25 நாளில், முளைத்த களை 2–4 இலையில் இருக்கும்போது, பைரித்தியோபேக் சோடியம் 6% + குயிசலோஃபாப் எத்தில் 4% கலவை ஏக்கருக்கு 400–500 மில்லி. பருத்தி இலை சில நாள் லேசாக மஞ்சளாகும், பிறகு தெளிந்துவிடும். களை முழங்கால் உயரம் போன பிறகு அடித்தால் பணம்தான் வீண். ஊடுபயிராக உளுந்து போட்டிருந்தால் இந்தக் கலவை வேண்டவே வேண்டாம், உளுந்து போய்விடும். புல்வகைக்கு குயிசலோஃபாப் 5 இ.சி. தனியாக 400 மில்லி போதும். 40–45 நாளில் வரிசைக்குள் ஒரு கைக்களை.

உங்கள் பகுதியில் சுற்றிலும் மக்காச்சோளம். அதற்கு அடிக்கும் 2,4-டி காற்றில் வந்தாலே பருத்தி இலை விரல் விரலாகக் கிழிந்து சுருங்கும். பார்த்தால் வைரஸ் நோய் போலவே இருக்கும், பூச்சிமருந்து அடித்து ஏமாறுவார்கள். அந்த மருந்து அடித்த டேங்கை எவ்வளவு கழுவினாலும் பருத்திக்கு எடுக்காதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் காற்று பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.

களையில் மிச்சமானதைப் புழுவில் விட்டுவிடக் கூடாது. பி.டி. இல்லாத ரகப் பருத்தியில் பச்சைக் காய்ப்புழுவையும் புள்ளிக் காய்ப்புழுவையும் நீங்களேதான் கவனிக்க வேண்டும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யையே தாங்கப் பழகிவிட்டதால், அதில் பி.டி.யும் ரகமும் ஒன்றுதான். சப்பை (மொட்டு) பிடிக்கும்போதே இந்தப் புழுவின் அந்துப்பூச்சிக்கு ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி; பொறிக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் மருந்து அடியுங்கள். பூ விரியாமல் ரோஜா மொட்டு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே புழு இருக்கிறது, பறித்து அழியுங்கள்.

அடுத்த வருட விதைக்கு, மற்ற பருத்தியிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளியுள்ள இடத்தில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். நடு பறிப்புகளில் வந்த, நன்கு வெடித்த பருத்தி மட்டும். கலப்பு அதிகம் நடப்பது பஞ்சையும் விதையையும் பிரிக்கும் அரவை மில்லில்தான்; இயந்திரத்தைத் துடைத்து, முதலில் வரும் விதையைத் தள்ளிவிடுங்கள்.

விதையில் ஒட்டியிருக்கும் பஞ்சை நீக்க, பிளாஸ்டிக் வாளியில் கிலோ விதைக்கு 100 மில்லி அடர் கந்தக அமிலம்; மரக்குச்சியால் 2–3 நிமிடம் வேகமாகக் கிளறினால் விதை காப்பிப் பொடி நிறத்துக்கு வரும். உடனே வாளி நிறைய தண்ணீர் ஊற்றி வடித்து, 4–5 முறை கழுவுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பிறகு 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 65-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதை வேண்டாம். பூஞ்சாண மருந்து, பூச்சிமருந்து எதையும் இந்தச் சோதனைக்குப் பிறகே கலக்க வேண்டும். மருந்து கலந்த விதை மாட்டுக்கும் ஆகாது, செக்குக்கும் ஆகாது.