ஆட்டம் தள்ளிப்போன ஆண்டில் ஆள் எடுத்தது எப்படி?

2020இல் கொரோனாவால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் குழம்பிக் கிடந்தபோது, பள்ளி மாணவர்களைக் கல்லூரி அணிகள் எப்படித் தேர்ந்தெடுத்தன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் ஓஹையோவில் ஓர் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஆட்டங்களைப் படம்பிடித்துக் கொடுப்பவன். மகன் ஆடிய காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். அவன் படித்து முடித்துப் போன பிறகும் விடவில்லை. இங்கே பேசப்போவது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி.

அண்ணா, பருவம் தள்ளிவைக்கப்பட்டது என்கிறீர்கள். ஆனால் அந்த ஆண்டுக்கான இறுதிப் போட்டி நடந்திருக்கிறதே? – சிகாகோ வாசகர்

இரண்டும் நடந்தது தம்பி. கல்லூரிகள் கான்பரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு குழுவும் தன் முடிவைத் தானே எடுத்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக் 12 என்ற இரண்டு பெரிய குழுக்கள் இலையுதிர்காலப் பருவத்தைத் தள்ளிவைத்தன. தெற்கே இருக்கும் எஸ்இசி என்ற குழு ஆடியே தீருவேன் என்று நின்றது. பிக் டென்னில் இருக்கும் நெப்ராஸ்கா அணியின் வீரர்கள் எட்டுப் பேர் பிக் டென் மீது வழக்கே போட்டார்கள். செப்டம்பர் 16 அன்று பிக் டென் மனம் மாறி, அக்டோபர் கடைசியில் ஆடத் தொடங்கியது. அப்படித் தாமதமாக இறங்கிய எங்கள் மாநிலப் பல்கலைக்கழக அணி ஓஹையோ ஸ்டேட்தான் 2021 ஜனவரியில் இறுதிப் போட்டி வரை போய், அலபாமாவிடம் 52–24 என்று தோற்றது. எங்கள் ஊரில் அந்த இரவைப் பற்றி இன்றும் பேசமாட்டார்கள்.

ஆட்டமே நிற்கும்போது ஆள் எடுப்பும் நின்றிருக்க வேண்டும் அல்லவா? – கோவை வாசகர்

நிற்கவில்லை. நேரில் பார்ப்பது மட்டும்தான் நின்றது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ, 2020 மார்ச் நடுவில் 'டெட் பீரியட்' அறிவித்தது. அந்தக் காலத்தில் பயிற்சியாளர் பள்ளிக்கு வரக்கூடாது. மாணவன் கல்லூரிக்குப் போய்ப் பயிற்சியாளரைச் சந்திக்கவும் கூடாது. தொலைபேசி, குறுஞ்செய்தி, வீடியோ அழைப்பு போன்றவை மட்டும் உண்டு. சில வாரங்கள் என்று தொடங்கியதை நீட்டி நீட்டி 2021 மே 31 வரை இழுத்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் கல்லூரிச் செலவிலேயே ஐந்து கல்லூரிகளுக்குப் போய், ஒவ்வொன்றிலும் 48 மணி நேரம் வரை தங்கிப் பார்க்க முடிந்தது. 2021இல் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. பெற்றோர் சொந்தக் காரில் போய், வளாகத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பயிற்சியாளரின் அலுவலகம் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கும். கதவைத் தட்டினால் விதிமீறல்.

வெறும் வீடியோவை வைத்து ஒருவனுக்கு நான்காண்டுப் படிப்பையே இலவசமாகக் கொடுப்பார்களா சார்? – சென்னை வாசகர்

கொடுத்தார்கள். ஆனால் நம்பிக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் வேலையே இதுதான்.

ஹட்ல் என்ற தளத்தில் ஒவ்வொரு மாணவனும் தன் சிறந்த ஆட்டத் துணுக்குகளைத் தொகுத்து வைப்பான். பயிற்சியாளர் முதல் சில துணுக்குகளைப் பார்த்தே முடிவுசெய்துவிடுவார். அதனால் ஆகச் சிறந்ததை முதலில் வைக்க வேண்டும். பந்து கைமாறுவதற்கு முன்பே பையனைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். பாட்டு சேர்க்கக் கூடாது. பிள்ளைகளோ பாட்டைத்தான் முதலில் சேர்ப்பார்கள்.

அந்த ஆண்டு, தொகுப்பு போதவில்லை. முழு ஆட்டத்தையும் அனுப்பச் சொன்னார்கள். பந்து தன் பக்கம் வராதபோது பையன் என்ன செய்கிறான், எதிராளியைத் தடுக்க ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறானா என்பது அதில்தான் தெரியும். உயரம் இன்னொரு தலைவலி. பள்ளிகள் தரும் பட்டியலில் எல்லாப் பையன்களும் இரண்டு அங்குலம் கூடுதலாக வளர்ந்திருப்பார்கள். வழக்கமாகக் கோடைக்காலப் பயிற்சி முகாமில் நேரில் அளந்து பிடித்துவிடுவார்கள், அந்த ஆண்டு முகாம்கள் இல்லை. எங்கள் பையன் ஒருவன் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க, தலைமேல் புத்தகத்தை வைத்து, அளவுநாடாவைத் தரையிலிருந்து மேலே வரை வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் படம்பிடித்து அனுப்பினேன். ஆறடி மூன்று என்று போட்டிருந்தோம். ஆறடி ஒன்றரை.

கலிபோர்னியாவில் பள்ளி ஆட்டமே நடக்கவில்லையாமே? – டாலஸிலிருந்து ஒரு தாய்

ஆமாம் அம்மா. 2020 ஜூலையில் அந்த மாநிலம் பள்ளிப் பருவத்தைத் தள்ளிவைத்தது. ஒருவழியாக 2021 வசந்தத்தில்தான் சுருக்கமாக ஆடினார்கள். ஆனால் கல்லூரிகள் மாணவர்களிடம் சேர்க்கைக்கான கையெழுத்து வாங்கத் தொடங்கும் நாள் மாறவில்லை: 2020 டிசம்பர் 16. கடைசி ஆண்டில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், பதினொன்றாம் வகுப்பு வீடியோவை மட்டும் வைத்துப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். வசதி இருந்த சில குடும்பங்கள் ஆட்டம் நடந்த மாநிலங்களுக்கு வீட்டையே மாற்றிக்கொண்டு போயின. சிலர் டிசம்பரிலேயே பள்ளியை முடித்து ஜனவரியில் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். தாமதமாக வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பில்தான் கண்ணில் படுகிற பையனுக்குத்தான் அடி.

அப்படியானால் பருவம் தள்ளிப்போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணமா? – டொரன்டோ வாசகர்

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நட்சத்திர வீரர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. பெரிய கல்லூரிகளுக்கும் வரவில்லை. பருவத்தைத் தள்ளிவைத்த குழுவில் இருந்த ஓஹையோ ஸ்டேட் அந்த ஆண்டு திரட்டிய புதுமுகங்கள் நாட்டிலேயே உச்ச வரிசையில்தான் இருந்தார்கள்.

நடுத்தர வீரனை நசுக்கியது வேறொரு முடிவு. 2020 ஆகஸ்ட் 21 அன்று என்சிஏஏ, அந்தப் பருவத்தில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் எல்லா வீரர்களுக்கும் கூடுதலாக ஓராண்டு ஆடும் தகுதி கொடுத்தது. நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் முதல்நிலை அணி ஒன்றுக்கு அப்போது 85 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. வெளியேற வேண்டிய கடைசி ஆண்டுக்காரர்கள் தங்கினால், 2021க்கு மட்டும் அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விலக்கு தந்தார்கள். மற்ற மூன்று ஆண்டு மாணவர்கள்? அவர்களுக்கும் கூடுதல் ஆண்டு உண்டு, விலக்கு கிடையாது. நெரிசல் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் பரவியது. அதற்குள் 2021 ஏப்ரலில், ஒரு முறை கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டாம் என்ற விதியும் வந்துசேர்ந்தது. இருபத்திரண்டு வயது அனுபவசாலி தயாராகக் கிடைக்கும்போது பதினேழு வயதுப் பையனை எவர் எடுப்பார்?

வாய்மொழியாக 'உன்னை எடுத்துக்கொள்கிறோம்' என்று சொன்னால் நம்பலாமா? – எடிசன் வாசகி

கையெழுத்து ஆகும்வரை இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தாது. வீட்டில் கேக் வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.

ஹார்வர்டு, யேல் எல்லாம் என்ன செய்தன? – மதுரை வாசகர்

அவை இருக்கும் ஐவி லீக் 2020 ஜூலையிலேயே இலையுதிர்கால விளையாட்டுகள் இல்லை என்று சொல்லிவிட்டது, வசந்தத்திலும் ஆடவில்லை. விளையாட்டுக்காக அங்கே ஸ்காலர்ஷிப் கிடையாது என்பதால், அவர்களுடைய கணக்கே தனி.

பணம் கட்டினால் கல்லூரிகளுக்கு அறிமுகம் செய்துவைக்கிறோம் என்று ஒரு நிறுவனம் அழைக்கிறது. கட்டலாமா? – ஹூஸ்டன் வாசகர்

வேண்டாம். டெட் பீரியட் நாட்களில் இந்த வியாபாரம் கொழித்தது. பயந்துபோயிருந்த பெற்றோரிடம் நன்றாகவே கறந்தார்கள். பயிற்சியாளர்களின் மின்னஞ்சல் முகவரி அந்தந்தக் கல்லூரித் தளத்திலேயே இருக்கும். தலைமைப் பயிற்சியாளருக்கு எழுதாதீர்கள், அவர் படிக்கமாட்டார். உங்கள் மகன் ஆடும் இடத்துக்கான துணைப் பயிற்சியாளருக்கு எழுதுங்கள்: பெயர், வகுப்பு, உண்மையான உயரம், எடை, மதிப்பெண், ஹட்ல் இணைப்பு. நீங்கள் எழுதாதீர்கள், பையன் எழுதட்டும். அப்பா எழுதிய கடிதத்தை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.