பழைய மஸ்டாங் வாங்கலாமா? கேள்வி-பதில்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் அந்த நாட்டுப் பழைய கார்களை வாங்குவது பற்றியும் பழுது பார்ப்பது பற்றியும் கேட்டவை.

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். ரொம்ப நாள் ஆசை, 1966 ஃபோர்டு மஸ்டாங். பென்சில்வேனியாவில் ஒருவர் விற்கிறார். சிவப்புப் பெயின்ட் மின்னுகிறது. 289 கன அங்குல வி8 இன்ஜின், 'நம்பர்ஸ் மேட்சிங்' (காரோடு வந்த அதே இன்ஜின், எண்கள் ஒத்துப்போகும்) என்று சொல்லி விலையை ஏற்றி வைத்திருக்கிறார். வின் எண் (காரின் அடையாள எண்) 6டி07சி என்று தொடங்குகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம். 6 என்றால் 1966 மாடல். டி என்றால் மெட்டச்சன் தொழிற்சாலை. பெயர்தான் மெட்டச்சன், இருந்த இடம் உங்கள் எடிசன். 2004 இல் அதை மூடிவிட்டார்கள். ஆக, நீங்கள் பார்த்து வைத்திருப்பது உள்ளூர்க் கார்! 07 என்பது கூப்பே (நிலையான கூரை). கன்வர்டிபிளுக்கு (மடக்கும் கூரை) 08, ஃபாஸ்ட்பேக்குக்கு (பின்னால் சரிந்து இறங்கும் கூரை) 09. சி என்பது இரட்டை வாய் கார்புரேட்டர் வைத்த 289. இதுவரை விற்பவர் சொல்வதும் எண்ணும் ஒத்துப்போகின்றன. இதே எண் பானட்டைத் திறந்தால் டிரைவர் பக்க ஃபென்டரின் உள்தகட்டில் குத்தியிருக்கும். டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கதவில் ரிவெட் அடித்த தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தகடு புதிதாக அச்சடித்தே கிடைக்கிறது.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்பதற்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்த ஆண்டு மஸ்டாங்கில் கே என்ற எழுத்துள்ள உயர்திறன் 289 இன்ஜினில்தான் காரின் எண்ணைக் குத்தினார்கள். சி இன்ஜினில் வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும்தான் இருக்கும். தேதி, கார் தயாரான நாளுக்குச் சற்று முந்தியதாக இருந்தால் 'இதே காரில் வந்த இன்ஜினாக இருக்கலாம்' என்று சொல்லலாம். அதற்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியாது. ஃபோர்டின் உற்பத்திப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கையும் 1967 மாடலிலிருந்துதான் கிடைக்கும். காரின் பழைய வரலாற்றைத் தரும் கார்ஃபாக்ஸில் தேடுவதும் வீண்: அது 17 எழுத்து வின் எண்ணை வைத்துத் தேடும், அந்த எண் 1981 இல்தான் வந்தது.

இனி முக்கியமான விஷயம், துரு. மஸ்டாங்கில் லாரிக்கு இருப்பது போலத் தனி சேஸ் கிடையாது. தரைத் தகடும் பக்கத் தகடுகளும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. பென்சில்வேனியாவில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

முன்கண்ணாடிக்குக் கீழே, பானட் முடியும் இடத்தில் காற்றுத் துளைகள் உள்ள தகடு இருக்கும். 'கவுல்' என்பார்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஓஸ் பைப்பால் அதற்குள் தண்ணீர் விடுங்கள். உள்ளே முன்சீட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கி, டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் கை வைத்துப் பாருங்கள். ஈரம் வந்தால் உள்தகடு ஓட்டை. அதைச் சரிசெய்ய ஃபென்டர், பானட் எல்லாம் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, புதுத் தகடு வைத்துத் திரும்ப வெல்டு அடிக்க வேண்டும். தகட்டின் விலை பெரிதில்லை. கூலிதான் உங்களைச் சாப்பிட்டுவிடும். பட்டறைகள் மணிக்கு நூறு டாலருக்கு மேல் கேட்கும் காலம் இது.

துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பின்சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, பின்பக்கத் தகட்டின் கீழ்ப்பகுதி இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் பெயின்டுக்கு அடியில் இருப்பது பட்டி. நம் ஊர் டிங்கரிங் கடைகளில் பூசுகிற அதே பட்டிதான். பிறகு காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே கறுப்புத் தார் போன்ற பூச்சு புதிதாக, அடர்த்தியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம். நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். சில நூறு டாலர் ஆகும், ஆகட்டும்.

என்னைக் கேட்டால், மங்கிய பெயின்ட், கிழிந்த சீட், முழுசான தரை உள்ள, வறண்ட அரிசோனாவில் ஓடிய காரைத்தான் எடுப்பேன். சீட் உறை, கிரில், விளக்கு, வயரிங் எல்லாம் கேட்லாக்கைத் திறந்தால் புதிதாகக் கிடைக்கும். இன்ஜினும் அப்படித்தான், பிரித்துச் சேர்த்துவிடலாம். துருவும் டைட்டில் சிக்கலும்தான் ஆளை வீழ்த்துபவை.

கேள்வி: கலிபோர்னியா சன்னிவேலில் இருக்கிறேன். என் 1965 மஸ்டாங் (289) ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இருமுகிறது, சூடானால் நின்றுவிடுகிறது. பட்டறையில் இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று பல ஆயிரம் டாலர் சொல்கிறார்கள்.

பதில்: எந்தச் சோதனை செய்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். கம்ப்ரஷன் அளவு (ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம்) எழுதித் தரவில்லை என்றால் அந்த எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிடுங்கள். கம்ப்ரஷன் கேஜை நீங்களே மலிவாக வாங்கலாம். இன்ஜினைச் சூடாக்கி, பிளக்குகளை எல்லாம் கழற்றி, எட்டு சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

அடுத்தது பாயின்ட் செட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி தீப்பொறியை உண்டாக்க வைக்கும் தொடுமுனைகள். அம்பாசடர் காலத்து மெக்கானிக் யாரையாவது தெரிந்தால் அவரே சொல்வார். 289க்கு இடைவெளி 0.017 அங்குலம். பாயின்ட், கன்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் நான்கையும் மாற்றுங்கள். சூடானதும் நிற்பது கன்டென்சரோ காயிலோ கெட்டுப்போனதன் அடையாளமாக இருக்கலாம். பிளக் வயர்களை மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-5-4-2-6-3-7-8. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டர் பக்கம் போங்கள். மிதித்ததும் இருமுவதற்கு அதிலுள்ள ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் காய்ந்துபோயிருப்பது ஒரு காரணம். ரீபில்டு கிட் விலை குறைவு, ஒரு சனிக்கிழமை வேலை.

ஒன்று கவனம்: ஸ்பேனர்கள் அங்குல அளவில் வேண்டும். 1/2, 9/16 என்று. வீட்டிலிருக்கும் மெட்ரிக் செட்டை வைத்து முறுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

பட்டறைக்கே விடுவதானாலும் உங்கள் மாநிலச் சட்டம் உங்கள் பக்கம். வேலைக்கு முன்பே எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும்; ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். கேளுங்கள். 1975 வரையிலான மாடல்களுக்கு ஸ்மாக் (புகை) சோதனையும் கிடையாது. (மில்பிடாஸ் கிரேட் மால் போயிருப்பீர்களே, அந்தக் கட்டடம்தான் ஃபோர்டின் சான் ஹோசே தொழிற்சாலை. வின் எண்ணின் இரண்டாம் இடத்தில் ஆர் இருந்தால் உங்கள் கார் அங்கே பிறந்தது.)

கேள்வி: ஹூஸ்டனில் 1971 செவ்ரோலெட் சி10 பிக்கப் வைத்திருக்கிறேன், 350 இன்ஜின். இப்போதைய ஆயிலும் எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய இன்ஜினைக் கெடுத்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: ஆயிலைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உங்கள் இன்ஜினில் டேப்பெட் (கேம் ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் பாகம்) தட்டையானது, கேம் ஷாஃப்ட் மேல் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து போதுமான அளவு வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற இன்றைய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டார்கள். பழைய கார்களுக்கென்றே கூடுதலாகச் சேர்த்த ஆயில் விற்கிறது, அதை வாங்குங்கள். சாதா ஆயிலில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஊற்றி நீங்களே கலக்காதீர்கள். அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான்.

பெட்ரோலுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ஈயம் குறைந்த பெட்ரோலிலும் ஓடட்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களில் கம்ப்ரஷனைக் குறைத்தது. ரெகுலரே போதும். 10 சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஓஸை இளக்கும்; டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஓஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். பானட்டுக்குள் தீப்பிடிப்பது பல நேரம் இங்கிருந்துதான். 15 சதவீதம் என்று எழுதிய பம்ப்பைத் தொடாதீர்கள், அது 2001 மாடலிலிருந்து வந்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போகும்படி கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்குவது நல்ல முதலீடு என்கிறார் என் கணவர். உண்மையா? இன்சூரன்ஸ் எப்படி?

பதில்: இல்லை. பொழுதுபோக்குக்கு ஆகும் செலவு என்று கணக்கில் எழுதுங்கள், வீட்டில் சண்டை குறையும். டிங்கரிங், பெயின்ட், குரோம் முலாம் மூன்றுக்கும் கொடுத்ததை விற்கும்போது திரும்ப எடுப்பவர்கள் மிகக் குறைவு. பிறர் செலவழித்து முடித்த காரை வாங்குவதே மலிவு.

இன்சூரன்ஸில் 'அக்ரீடு வேல்யூ' பாலிசி கேளுங்கள். கார் முழுசாக அழிந்தால் முன்பே ஒப்புக்கொண்ட தொகை கிடைக்கும். 'ஸ்டேட்டட் வேல்யூ' என்பது காதில் ஒன்றுபோல விழும், ஆனால் அதில் சந்தை மதிப்பு குறைவென்றால் அந்தக் குறைவான தொகையைத்தான் தருவார்கள். பூட்டிய கராஜும் தினசரி ஓட்ட வேறு காரும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பது வழக்கம். பல மாநிலங்கள் 25 வயது தாண்டிய கார்களுக்குத் தனி நம்பர் பிளேட் தருகின்றன. நியூ ஜெர்சியில் அந்த பிளேட் இருந்தால் இன்ஸ்பெக்ஷன் கிடையாது. ஆனால் கண்காட்சி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஆபீசுக்கு எடுத்துப்போகக் கூடாது.

கேள்வி: 1966 மஸ்டாங்கின் பின்சீட்டில் ஆறு வயது மகளைக் கூட்டிப்போகலாமா? பூஸ்டர் சீட் வைத்தால் போதுமா?

பதில்: இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும் இடத்தில் பூஸ்டர் வைக்கவே கூடாது, அதற்குத் தோள் பட்டையும் வேண்டும். ஐந்து முனைப் பட்டை உள்ள குழந்தை சீட் சிலவற்றை இடுப்புப் பட்டையாலும் கட்டலாம். மகளின் எடையும் உயரமும் அதற்குப் பொருந்துமா என்று சீட்டின் கையேட்டில் பாருங்கள். மூன்று முனை பெல்ட் புதிதாகப் பொருத்துவதானால் போல்ட் போகும் இடத்தில் தடித்த தகடு வெல்டு செய்திருக்க வேண்டும்; வெறும் தகட்டில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வரும்.

அதற்கும் முன்னால் பிரேக்கைக் கவனியுங்கள். 1966 வரை மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 முதல் வந்த இரட்டை அறை சிலிண்டரை இதில் மாட்ட கிட் கிடைக்கிறது. முன்பக்க டிரம்மை டிஸ்க்காக மாற்றும்போதே சேர்த்துச் செய்துவிடலாம். டயரின் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் காட்டும். பத்து வயதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுத்தான் குழந்தையை ஏற்ற வேண்டும்.